ஃபனோலுவாவுக்கு அவர் செத்த சேதி

சவாயித் தீவின் வடகரையில் சாவுச் சேதி சொல்வதற்கென்றே பேர் வாங்கியவள் பெனினா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது டாக்டர்கள் மென்று முழுங்குவதைப் பார்த்து, தானே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். நின்றுகொண்டு சொல்லமாட்டாள். எதிரே சம்மணமிட்டு உட்காருவாள். "செத்துட்டார்" என்று நேராகச் சொல்லுவாள். அவர்களுடைய கேள்வியெல்லாம் தீரும்வரை எழுந்திருக்கமாட்டாள்.

அவள் புருஷன் போனது அவள் கைமேலேயே. வீட்டு வாசலில் புதைத்தார்கள். அவர் சுமந்த ஃபனோலுவா என்ற தலைவர் பட்டத்தை அவர் தம்பி இயோபுவுக்குச் சூட்டினார்கள்.

அடுத்த வருஷம் ஆக்லாந்திலிருந்து மகள் லூபே வந்தாள். அப்பாவின் பேச்சு, பிரசங்கம், வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் ஒரு போனுக்குள் ஊட்டி, அது அவர் குரலிலேயே பதில் பேசும்படி செய்து கொண்டுவந்திருந்தாள். பெனினா சந்தேகத்தோடு அதைத் தட்டியதும், "கோக்கோவுல சர்க்கரை எங்கடி?" என்றது. அவள் கை தானாகச் சர்க்கரை டப்பாவுக்குப் போயிற்று.

அப்புறம் வாசலில் கல்லறைக்குள்ளும் அவர், மடியில் போனுக்குள்ளும் அவர். கல்லறைமேல் உட்கார்ந்து அவள் துணி மடிப்பாள். துவைத்த லட்சணத்தை அவர் குறை சொல்லுவார்.

"ஒண்ணு சொல்லணும்மா, தான் செத்தது அப்பாவுக்குத் தெரியாது" என்றாள் லூபே.

"நீ சொல்லலையா?"

"எனக்கு வாய் வரல. நீதான் அதுல கெட்டிக்காரி."

கெட்டிக்காரி வாயைத் திறக்கவில்லை. சொன்னால் போய்விடுவாரோ என்ற பயம்.

ஊர்க்கூட்டத்தன்று, அவர் தனியாக இருக்க வேண்டாமென்று போனைப் பையில் போட்டு எடுத்துப் போனாள். தப்பு அங்கேதான். காவா என்ற வேர்ப் பானம் கரைத்தாயிற்று. பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் கோப்பை போகும். கூப்பிடுகிறவர் எழுந்து, "ஃபனோலுவாவுக்குக் கோப்பை" என்று முழங்கினார். இயோபு கை நீட்டினான்.

"இங்கே கொண்டாங்கடா" என்றது பை.

அந்தக் குரலை அறியாதவர் அங்கே யாருமில்லை. கோப்பைக்காரன் பாதி வழியில் நின்றுவிட்டான். கிழத் தலைவர்கள் தலை குனிந்தார்கள்.

இயோபு நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். "அண்ணி, அது அண்ணன்னா கோப்பை அண்ணனுக்குத்தான். நீங்க சொல்லுங்க."

பெனினா போனை எடுத்துப் பாயில் வைத்தாள். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இந்தாங்க, கேளுங்க. நீங்க செத்துட்டீங்க."

"எங்க வச்சிருக்கீங்க?" என்றது போன்.

"வாசல்ல. துணி காயப்போடுற பக்கம்."

"சாவு விருந்துக்குப் பன்னி போதுமா இருந்துச்சா?"

"போதல. இயோபு மாமியார் வீட்டுப் பன்னியையும் ஓட்டிட்டு வந்தான்."

"அந்தம்மா விட்டாளா?"

"விடல. ஓட்டிட்டு வந்தான்."

அந்த நேரத்திலும் யாரோ செருமிச் சிரிப்பை அடக்கினார்கள்.

"மழையா?"

"கொட்டுச்சு. குழியில தண்ணி நின்னுச்சு. உங்க தம்பிதான் இறங்கி வாளியால மொண்டு ஊத்தினான்."

"அப்ப அவனுக்கே குடுங்க." குரல் தணிந்தது. "சரி, என்னை எதுக்குடி எழுப்பினே?"

"தனியா கோக்கோ குடிக்க முடியல."

அதற்குப் பதில் வரவில்லை. லூபே ஊர்ந்து வந்து போனைப் பார்த்தாள். சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது. பழுது எதுவும் தெரியவில்லை.

"அணைச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்மா. இந்தப் பேச்செல்லாம் மறந்துட்டுப் பழைய மாதிரியே வருவார்."

"செத்தது தெரியாமயா?"

"ஆமா."

"எத்தனை தரம்டி நான் அவருக்குச் சொல்றது?"

லூபே கையை எடுத்துக்கொண்டாள். இயோபு கோப்பையை வாங்கி, இரண்டு சொட்டுத் தரையில் விட்டு, கண்ணைத் துடைக்காமலே குடித்தான். கூட்டம் கலைந்தது. பாய்களைச் சுருட்டினார்கள். பெனினா மட்டும் அந்த ஒரு பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தாள், அவருக்கு இன்னும் ஏதாவது கேள்வி பாக்கி இருக்குமோ என்று.