விடுமுறை நாளில் வந்த சாவிகள்

பத்திரிகை வேலையை விட்டுவிட்டு செம்பூரில் காபிக் கடை திறந்தபோது, பகல் வெளிச்சத்தில் நாலு பேரோடு பேசிக்கொண்டு இருக்கலாம் என்பதுதான் என் எண்ணம். அதுவரை டெஸ்கில் உட்கார்ந்து பிறர் எழுதிய வாக்கியங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடை ஒரு ஹவுஸிங் காலனி வாசலை ஒட்டி இருந்தது. உள்ளே அடுப்பு, பால் பாத்திரம், ஃபில்டர், நான். திரும்பினால் முழங்கை ஷட்டரில் இடிக்கும்.

திறந்த வாரத்திலேயே மூன்றாம் மாடி மாமி வந்தார். வங்கியில் வேலை.

"இந்தச் சாவியைக் கொஞ்சம் வெச்சுக்கோங்கோ. மௌஷி வந்து கேப்பா. பேப்பர்ல இருந்தவர், உங்களை நம்பாம யாரை நம்பறது?"

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை இங்கே மௌஷி என்பார்கள். ஆபீஸ் போகிறவர்கள் அவளுக்காக வீட்டுச் சாவியைப் பக்கத்தில் எங்காவது விட்டுப்போவது இந்த ஊர் வழக்கம். முகத்துக்கு நேரே மறுக்க எனக்கு வரவில்லை. சுவரில் ஓர் ஆணி அடித்தேன்.

ஆணியைப் பார்த்து அடுத்தவர் கேட்டார். பிறகு பலகையே மாட்ட வேண்டியதாயிற்று. காலையில் சாவிகள் வரும், மௌஷிகள் எடுத்துப் போவார்கள், திருப்பித் தருவார்கள், மாலையில் வீட்டுக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். கடைசிச் சாவி போகும்வரை ஷட்டரை இறக்க முடியாது. காய்ச்சலோடும் கடை திறந்தேன். கல்யாண் ஊரில் இருக்கும் என் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மனைவி மட்டும் போய்வந்தாள்.

"பேப்பர்ல வீக்லி ஆஃபாவது இருந்தது" என்றாள், செருப்பைக் கழற்றியபடியே.

அந்தச் சமயத்தில்தான் பழைய சகா போன் செய்தான்.

"டேய், உன் சீட் காலியாறது. திங்கக்கிழமை காலம்பற வந்து எடிட்டரைப் பாரு. அன்னிக்கு சாயங்காலம் அவர் டெல்லி போறார். வரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

வருகிறேன் என்றேன். அன்றே ஷட்டரில் அறிவிப்பு ஒட்டினேன்: திங்கட்கிழமை கடை விடுமுறை. தமிழிலும், தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும். பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

எல்லோரும் படித்தார்கள். "ஒரு நாள் காபி இல்லாம என்ன பண்றது?" என்றார் மாமி. வேறு எதையும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடை விடுமுறை என்றால் எல்லாம்தானே அடங்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், பால்காரன் பழக்கத்தில் பாக்கெட் போட்டிருப்பானோ என்று ஷட்டரைத் தூக்கினேன். பால் இல்லை. தரையெல்லாம் சாவிகள். ஷட்டரின் அடி இடைவெளி வழியாகத் தள்ளியிருந்தார்கள். ஒன்றில் துண்டுச் சீட்டு கட்டியிருந்தது: "மௌஷி இன்னிக்கு லேட்டா வருவா."

காலனிக்கு வாட்ச்மேன் கிடையாது. பக்கத்து மொபைல் ரிப்பேர் கடை மதியத்துக்குமேல்தான் திறக்கும். மாமிக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை, ரயிலில் இருந்திருப்பார். குனிந்து சாவிகளைப் பொறுக்கி ஆணிகளில் மாட்டினேன்.

"அண்ணா, சாபி" என்று சாவிக்காக முதல் மௌஷி கை நீட்டினாள்.

கொடுத்தேன். இனி அது திரும்பி வர வேண்டும். அதற்குள் அடுத்தவள் வந்தாள். நடைப்பயிற்சி முடித்த ஒரு மாமா ஷட்டர் திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்தார்.

"ஒரு காபி."

"இல்லை மாமா. இன்னிக்கு லீவு."

"அப்புறம் எதுக்கு ஓய் திறந்து வெச்சிருக்கீர்?"

நான் பதில் சொல்வதற்குள் சகாவின் போன் வந்தது.

"எங்கேடா இருக்கே? எடிட்டர் கேக்கறார்."

"கடையில."

"லீவு விட்டிருக்கேன்னியே?"

"காபிக்குத்தான்" என்றேன்.

"சரி, நீ வரலேன்னு அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றான். முதல் மௌஷி ஈரக் கையோடு வந்து, என்னைக் கேட்காமல், மூன்றாம் மாடிச் சாவியை அதன் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.