விசாரிக்க வந்தவர்கள்

பிள்ளைகளா, ரயில் ஜங்ஷனுக்குப் போனால் சேலம் வண்டி எப்போது என்று நான் சமோசா விற்பவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே அதற்கென்று ஜன்னலும் ஆளும் உண்டு. "அப்பாவுக்குப் படிக்கத் தெரியல" என்று சிரித்திருக்கிறீர்கள். எட்டாவது வரை படித்தவன் நான். அந்த ஜன்னலுக்கு மேலே 'விசாரணை' என்று எழுதியிருப்பது தெரிந்துதான் ஒதுங்கிப் போனேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் லீவுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் மாமா வீட்டில் இருந்தபோது, உங்கள் சித்தப்பாவை டீக்கடையில் வைத்து போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கோ வயலில் மோட்டார் ஒயர் காணாமல் போயிருந்தது. இப்படி ஏதாவது காணாமல் போனால் முதலில் நம் இருளர் வீடுகளுக்குத்தான் வருவார்கள். நாலு நாள் கழித்து, திருடியவன் வேறு ஊரில் பிடிபட்டதும், சித்தப்பாவை ரோட்டோரம் இறக்கிவிட்டார்கள். உள்ளங்கால் இரண்டும் வீங்கி, தரையில் ஊன்ற முடியவில்லை. நான்தான் முதுகில் தூக்கி வந்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். வீக்கம் வடிந்தது. ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன் திரும்பவே இல்லை. வைத்த கஞ்சி அப்படியே ஆறிக் கிடக்கும். இப்படியே போனால் ஆள் நமக்கு மிஞ்ச மாட்டான் என்று பயந்தேன்.

நல்லூர்ப் பக்கமிருந்து சொந்தக்காரர்கள் ஆறேழு பேர் வந்தார்கள். நல்ல மனதோடுதான் உள்ளே பார்த்துச் சொன்னேன்.

"தம்பி, ஒன்ன விசாரிக்க வந்திருக்காங்கடா."

சாவுக்கும் நோவுக்கும் போய் விசாரிப்பது நம் வழக்கம். விசாரிக்காமல் விட்டால்தான் கோபம். ஆனால் அங்கே ஒவ்வொரு தடவையும் அடிப்பதற்கு முன், "வாடா, விசாரிக்கணும்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாமலா இருந்தது? தட்டைத் தள்ளிக்கொண்டு எழுந்தவன் கால் மடங்கி விழுந்தான். "எனக்குத் தெரியாதுங்க சார், சத்தியமா தெரியாதுங்க" என்று என் காலையே பிடித்தான். அவன் கைலி நனைந்துவிட்டது.

வந்தவர்களில் என் அத்தைதான் முதலில் வாய் திறந்தார். "இனிமே யாரும் அந்த வார்த்தைய எடுக்காதீங்க. ஒண்ணும் கேக்கவும் வேணாம். சும்மா வந்து குந்துங்க, போதும்."

அன்றிலிருந்து தினமும் யாராவது வந்தார்கள். கேட்டால், "சும்மா வந்தோம்" என்பார்கள். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள்.

"இந்த மாமா பாம்பு புடிக்கப் போயி, சைக்கிள் டியூப்ப ரெண்டு மணி நேரம் காவ காத்தாரு" என்றான் ஒரு மச்சான்.

"அது ஒன் மாமியா வூட்டு டியூப்புடா, அதான் சீறிச்சு" என்றார் மாமா. அவர் அத்தையின் வீட்டுக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் சித்தப்பா மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் மாமா கால் மரத்துப்போய் நீட்டினார். சித்தப்பாவின் பக்கமாகப் போன அந்தப் பாதத்தில் இரண்டு விரல்களுக்கு நகமே இல்லை. வெகுநேரம் அதைப் பார்த்தான்.

"ஒனக்குமா மாமா?"

"ஆமாண்டா. நீ அப்ப பொறக்கவே இல்ல."

மச்சான் தன் கணுக்காலைத் திருப்பித் தழும்பைக் காட்டினான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவரும் காட்டினார். கடைசியில் நானும் இடது காலை நீட்டினேன். பீங்கான் கம்பெனியில் பொம்மை அச்சு விழுந்து நசுங்கியது என்று உங்களிடம் சொல்லி வைத்திருக்கும் கட்டைவிரல். அச்சு எதுவும் விழவில்லை, பிள்ளைகளா. ஒரு பூட்ஸ் கால் ஏறி நின்றது.

"நீ சொல்லவே இல்லியேண்ணே" என்றான்.

அவன் கஞ்சிக் குண்டானை இழுத்துப் பாதி குடித்தான். அவ்வளவுதான் நடந்தது. இன்றும் ஜீப் சத்தம் கேட்டால் அவன் முதுகு சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்போது அவனிடம் ஒன்றும் கேட்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அடுத்த வாரம் வேலை முடிந்ததும், கை முழுக்க வெள்ளை மண்ணோடு, தனியாக ஜங்ஷனுக்குப் போனேன். அந்த 'விசாரணை' போர்டுக்குக் கீழே போய் நின்றேன். ஜன்னலில் குனிந்து, "சேலம் வண்டி எப்பங்க?" என்றேன். உள்ளே இருந்தவர் நிமிராமலே நேரத்தைச் சொன்னார். எனக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.