மூன்றாம் வகுப்புக்குள் வந்த இரண்டு மலைகள்

இன்று ஓவிய வகுப்பில், "உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்" என்று சொன்னேன். தப்பு என்னுடையதுதான்.

மூன்றாம் வகுப்பில் பாதிப்பேர் புதுத் துறைமுகத்துக் கிரேனை வரைந்தார்கள். ரோஸ்லின் தாள் முழுக்க நீலம் தீட்டி, உச்சியில் ஒரு படகின் அடிப்பாகத்தை மட்டும் வரைந்திருந்தாள். அவள் அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் உள்ளே வந்தார்.

"ஏளா, இது என்ன? வானத்தைக் காணோம்!"

"கடலுக்கு அடியில இருந்து பாத்தா இப்படித்தான் சார் தெரியும். எங்கப்பா சொன்னாவ."

"இதெல்லாம் ஒரு படமா? படம்னா மலை இருக்கணும்!"

என் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி, கரும்பலகையில் இரண்டு மலையும் நடுவில் ஒரு சூரியனும் போட்டார். எல்லோரும் அதையே பார்த்து வரைய வேண்டுமாம். நாளை இன்ஸ்பெக்டர் வருகிறார், நாற்பது தாளும் ஒரே மாதிரி இருந்தால்தான் வகுப்பு ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தமாம்.

ரோஸ்லின் விடவில்லை. "சார், இந்த மலை எங்கன இருக்கு? நீங்க பாத்திருக்கியளா?"

"நான் எங்க பாத்தேன்? எங்க வாத்தியார் போட்டுக் காட்டுனாரு!" என்றார், பெருமையாக.

உங்கள் பள்ளிக்கூடத்துக்கும் இதே மலை வந்து சேர்ந்துவிட்டதா? ஒரு தபால் கார்டு போடுங்கள்.