ஊறும் என்று நம்பிய மோட்டார்

மின்சாரம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஊறும் என்று நான் நம்பினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பி.எல். பாஸ் செய்து, கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, பிறத்தியாருடைய அசட்டுத்தனத்தைக் குறுக்கு விசாரணை செய்து பிழைக்கிறவன் தன்னுடையதை மட்டும் மூடி வைப்பது தர்மமில்லை. இறைத்த கிணற்றைக் கொஞ்சம் சும்மா விட்டால் தண்ணீர் தானாக ஏறுகிறதல்லவா? பாட்டரியும் அப்படியே என்பது என் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தின் தலையில் என் பெண்ணின் கல்யாணத்தைக் கொண்டுபோய் ஏற்றினேன்.

எங்கள் வம்சத்தில் எவருக்கும் மோட்டார் வாங்கும் பைத்தியம் பிடித்ததில்லை. எனக்குப் பிடித்ததற்குக் காரணம் சம்பந்தி. மாம்பலத்தில், நேற்றுவரை ஏரியாக இருந்த இடத்தில், புது வீடு கட்டிக் குடியேறியவர். ஏரியைத் தூர்த்துவிட்டார்களே தவிர, அதிலிருந்த தவளைகளின் குரல் முழுவதும் அவர் தொண்டைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஜானவாசத்துக்கு மோட்டார்தான் ஓய். கோச்சு வண்டியெல்லாம் இப்போ யார் வெக்கறா? பையன் எஞ்சினீயர். ஆனா ஒண்ணு, வாடகை மோட்டார் உதவாது. அது நேத்திக்கு எவனை ஏத்திண்டு போச்சோ!"

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டிக் கோயிலிலிருந்து வீதி வழியாகக் கல்யாண வீட்டுக்கு அழைத்து வருகிறோமே, அந்த ஜானவாசத்தைத்தான் சொல்கிறார். மாப்பிள்ளை நடந்து வந்தால் கால் தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் இருக்கவில்லை. "வாடகையாவது! நம்மாத்து மோட்டார்லயே அழைச்சுண்டு வரேன்" என்றது. நம்மாத்தில் அப்போது இருந்த வாகனம் ஒரு சைக்கிள். அதற்கும் மணி அடிக்காது.

வார்த்தையை வாபஸ் வாங்கவும் பயம். ஏனென்றால் சம்பந்தி முன்பு வேறோர் இடத்தில், பாயசத்தில் ஏலக்காய் போதவில்லை என்று இலையிலிருந்து எழுந்து, சம்பந்தத்தையே முறித்துக்கொண்டு வந்த மகானுபாவர். மோட்டார் இல்லையென்று தெரிந்தால் பையனையும் கிளப்பிக்கொண்டு மாம்பலத்துக்கே நடந்துவிடுவார். என் பெண் மணையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தக் காட்சி கண்ணை மூடினாலும் தெரிந்தது, திறந்தாலும் தெரிந்தது.

அடையாற்றங்கரையில் சீமைக்குக் கப்பலேறப்போகும் ஒரு துரையின் பங்களாவில் பழைய மோட்டார் விற்பனைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. மைத்துனனைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அவனுக்கு மோட்டார் ஓட்டத் தெரியும், அல்லது தெரியும் என்று சொல்லிக்கொள்ளத் தெரியும். துரை வெளியே வரவில்லை. பட்லர்தான் வந்தான்.

"இத்தப் பாரு சாமி, தொரசாணி வண்டி. சத்தம் கீதா? பொகை கீதா? பெட்ரோலே வாணாம். கரண்டுல ஓடுது."

"பாட்டரி பழசோ?" என்றேன். வக்கீல் அல்லவா!

"பழசு இன்னா சாமி, பழகுனது. புதுசுன்னா மொரண்டு பண்ணும். இது சொன்னபடி கேக்கும்."

கோர்ட்டில் ஒரு சாட்சி இப்படிப் பதில் சொல்லியிருந்தால் அவனைத் தோலுரித்துத் தொங்கவிட்டிருப்பேன். இங்கே, "அதுவும் சரிதான்" என்று தலையை ஆட்டினேன். வண்டி மாமரத்தைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தது. மடக்குகிற டாப்பு, பட்டு மெத்தை, திருப்புவதற்குச் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு நீட்டுக் கம்பி. ஒரு முனகல் கிடையாது. நாயனத்தோடு போட்டி போடாமல் வீதிவலம் வர இதைவிட உசத்தி எது? வாங்கிவிட்டேன்.

பாலம் தாண்டும்வரை ராஜநடை. அப்புறம் நடை மட்டும் மிஞ்சிற்று. சாந்தோம் ரோட்டில் கூடை சுமந்து வந்த மீன்காரி ஒருத்தி எங்களைத் தாண்டிப் போனாள். போகிறபோது திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, வண்டி தூங்கிக்கினே போவுது?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் அது நிஜமாகவே தூங்கிவிட்டது. இறங்கி ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்தோம். மைத்துனன் ஒரு பிடி வேர்க்கடலையைத் தின்று தீர்த்தான். பிறகு சும்மா கம்பியைத் தள்ளிப் பார்த்தால், வண்டி நகர்ந்தது!

"ஊறிடுத்துடா!" என்று கத்தினேன். சித்தாந்தம் பிறந்த இடம் அதுதான். ஒரு கல் நட்டு வைக்கலாம். அப்படியே ஊறவிட்டு ஓட்டி, ஓட்டி ஊறவிட்டு, ஒருவழியாக மயிலாப்பூர் வந்து சேர்ந்தோம்.

மனைவி ஆசனத்தைத் தூக்கிப் பார்த்தாள். கீழே வரிசையாகப் பாட்டரிப் பெட்டிகள், எல்லாவற்றிலும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

"ஏன்னா, ஊறுகாய் ஜாடியில பூசணம் பூத்த மாதிரின்னா இருக்கு?"

"கடல் காத்து. உப்பு" என்று அலட்சியமாகக் குனிந்து வேஷ்டித் தலைப்பால் துடைத்தேன். மறுநாள் துவைத்து உலர்த்திய என் வேஷ்டி வழியாகத் தெருக்கோடி வரைக்கும் தெரிந்தது. பாட்டரித் திராவகம் ஜரிகையைக்கூட விட்டுவைக்கவில்லை.

ராயப்பேட்டைப் பட்டறை ஒன்றில் கரண்ட் ஏற்றிக்கொண்டு வந்தோம். பட்டறை பாய் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, "இது காரு இல்ல சாமி, புது மருமவ. வாயே தொறக்காது. ஆனா கண்டுக்காம வுட்டீன்னா அம்மா ஊட்டுக்குப் போய்டும். வாராவாரம் இட்டாந்துடு" என்றார். அவருக்கு வியாபாரம் வேண்டும், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. பாகவதர்கள் பெரிய கச்சேரிக்கு முன்னால் மௌனமாக இருந்து தொண்டைக்கு ஓய்வு கொடுப்பதில்லையா? வண்டியைக் காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டிலில் நிறுத்தி, யாரும் அதன்மேல் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். மடித்துணி மாதிரி அதை எல்லோரும் தீண்டாமல் சுற்றிப் போனார்கள். உள்ளே மின்சாரம் மளமளவென்று ஊறிக்கொண்டிருப்பதாக எனக்கு ஐதீகம்.

"ஏன் அத்திம்பேர், அதுக்கு என்ன, ஏகாதசியா? துவாதசிப் பாரணை எப்போ?" என்றான் மைத்துனன்.

"ஜானவாசத்தன்னிக்குப் பாருடா."

பார்த்தான். ஊரும் பார்த்தது.

வண்டிக்குப் பூச்சரம் சுற்றியாயிற்று. கொட்டிலிலிருந்து பிள்ளையார் கோயில்வரை ஓடியும் வந்தது. மாப்பிள்ளை கழுத்தில் டையும் மாலையுமாக ஏறி உட்கார்ந்தார். மைத்துனன் கம்பியைப் பிடித்தான். முன்னால் நாயனம், இரு புறமும் காஸ்லைட். நான் வண்டியை ஒட்டி நடந்தேன். சம்பந்தி தவளைக் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, "பேஷ்! சத்தமே இல்லையே ஓய். நாயனம் நன்னா கேக்கறது" என்றார். என் தலை மாடவீதிக்கு மேல் கோபுரத்தை எட்டிப் பார்த்தது.

வீதி முனையில் நாயனக்காரர் வழக்கம்போல் நின்று ராகம் ஆரம்பித்தார். வண்டியும் நின்றது. அவர் முடித்துக்கொண்டு நடந்தார். வண்டி நடக்கவில்லை. மைத்துனன் கம்பியை முன்னால் தள்ளினான், பின்னால் இழுத்தான், பிறகு அதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

எனக்கு வேர்த்த வேர்வையில் அந்தப் பாட்டரிப் பெட்டிகளை எல்லாம் நிரப்பியிருக்கலாம். கபாலிக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். ராமேசுவரத்துக்கு ரயில் எப்போது என்றும் யோசித்தேன். இரண்டும் ஒரே மூச்சில். அப்புறம் ஓடிப்போய் நாயனக்காரரை மறித்தேன்.

"இன்னும் கொஞ்சம் வாசியுங்கோ! ஊறட்டும்!"

"என்னங்க ஊறணும்?"

"ராகம்தான்! நன்னா ஊறட்டும்!"

அவர் கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஜானவாசத்தில் சீக்கிரம் முடி என்று விரட்டுகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. சீவாளியை நனைத்துக்கொண்டு கல்யாணியை எடுத்தார். அவர் ஊதிக்கொண்டே இருந்தார். வண்டி ஊறவில்லை. அதன் விளக்குகூடச் சிவந்து, மங்கி, அணைந்தது.

"என்ன ஓய், நின்னுடுத்து?" சம்பந்தி வந்துவிட்டார்.

"ராகத்துக்கு மரியாதை" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்ல மூளை தேவைப்படவில்லை. அது அப்போது என்னிடம் இல்லவும் இல்லை.

"ரசிகரய்யா நீர்!" என்று சொல்லிவிட்டு அவரும் முன்னால் போய் நாயனத்துக்குத் தாளம் போட ஆரம்பித்தார்.

அதற்குள் மைத்துனன் சந்து வழியாகக் கல்யாண வீட்டுக்கு ஓடி, அங்கே கையில் அகப்பட்டவர்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டான். அகப்பட்டவர்கள், டிபன் காப்பி பரிமாற வேண்டிய பரிசாரகர்கள். ஈரத் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் குனிந்து தள்ளினார்கள். ஊர்வலம் நகர்ந்தது. ஜானவாசத்தின் வேகத்தில் ஓடுகிற மோட்டாருக்கும் தள்ளுகிற மோட்டாருக்கும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒருவருக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்கிற பாவனையில் என் பக்கம் சாய்ந்தார்.

"மாமா, பாட்டரி காலி. ரொம்ப நாள் சும்மா வெச்சிருந்தேளோ?"

"ஊறட்டும்னு..."

"கொஞ்சம் ஓஞ்சா மூச்சு வரும். நாள்கணக்கா சும்மா வெச்சா கரண்டு ஒழுகிப் போயிடும், மாமா. அதுவும் இந்தப் பழசு!" கொஞ்ச தூரம் போனபின், "அப்பாகிட்ட சொல்லலை. அவருக்கு மோட்டார் ஓடறதா நிக்கறதான்னே தெரியாது" என்றார்.

வாசலில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை இறக்கிக்கொண்டார்கள். எனக்கு உயிர் திரும்பிற்று. சம்பந்தி பந்தலில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். டிபன் வர நேரமாயிற்று. காப்பி அதற்கும் பிறகு வந்தது. ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஆறிப்போன காப்பி! மாப்பிள்ளையாத்துக்காராளுக்கு ஆறிப்போன காப்பியா? எழுந்திருங்கோடா எல்லாரும்!"

காப்பி கலக்க வேண்டிய கைகள் மாடவீதியில் வண்டி தள்ளிக்கொண்டிருந்தன என்று நான் சொல்ல முடியுமா? மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். தானே புது டிகாக்ஷன் இறக்கி, பாலை நுரைக்கக் காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் கொண்டுவந்து சம்பந்திக்கு முன்னால் வைத்தாள். அவர் நின்றபடியே குடித்தார். பிறகு உட்கார்ந்து, இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலையில் முகூர்த்தம் நடந்தது. வண்டியைப் பட்டறை பாய் இரண்டு மாடு பூட்டி இழுத்துக்கொண்டு போனார்.