மல்ஹம் வாங்க ஒரு டப்பா

போர்ட் பிளேருக்குக் கப்பலில் வந்த புதிது. என் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் கரப்பான். சொறிந்து புண்ணாக்காமலிருக்கக் கைகளைத் துணியால் கட்டிவைத்தேன். டாக்டர் எழுதிய களிம்பு கடையில் எங்களுக்கு எட்டாத விலை. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் வெறுங்கையைக் காட்டி அழுதேன்.

"மல்ஹம் முஃப்த் மிலேகா, டப்பா லாவோ" என்றார்.

இந்தி தெரியாத எனக்கு மலம், டப்பா இரண்டும்தான் விளங்கின. சோதனைக்குக் கேட்கிறாரென்று, மறுநாள் குழந்தையுடையதை டப்பாவில் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கத்திய கத்தலில் வரிசையே திரும்பியது. இனி மருந்தே கிடைக்காதென்று குழந்தையை அணைத்துக்கொண்டு கதறினேன்.

பின்னால் நின்ற தமிழ்க்காரி தோளைத் தொட்டாள். "மல்ஹம்னா களிம்பு, அக்கா. சும்மாவே தர்றாங்க. வாங்கிட்டுப் போகத்தான் டப்பா கேட்டாரு." தன் காலி டப்பாவை என் கையில் திணித்தாள்.

இப்போதெல்லாம் அந்த வரிசைக்குக் கழுவிய டப்பா இரண்டோடுதான் போகிறேன். புதுத் தமிழ் முகம் தெரிந்தால், அவள் டப்பாவில் என்ன இருக்கிறதென்று முதலில் கேட்டுவிடுகிறேன்.