சந்தாவும் சந்தனமும்

லேக் மார்க்கெட்டில் எங்கள் மளிகைக் கடைக்கு எதிரே ஒரு விளக்குக் கம்பம். துர்கா பூஜைக்குப் பத்து நாள் முன்பு அதில் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டினார்கள். அதன் வாய் நேராக என் கல்லாவைப் பார்த்திருந்தது. காலை முதல் மாலை வரை பாட்டு. நடுநடுவே, தாராளமாகச் சந்தா கொடுங்கள் என்ற அறிவிப்பு. உளுத்தம்பருப்பு கேட்டவருக்குத் துவரம்பருப்பைக் கட்டிக் கொடுத்தேன். அவர் திரும்பி வந்து கத்தியதுகூட எனக்குக் கேட்கவில்லை.

பூஜைக் கமிட்டிச் செயலாளரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். தெருவுக்கே அவர் தாதா. வங்காள அர்த்தத்தில், அதாவது அண்ணன்; அவருக்கு நானும் தாதாதான். "போலீஸ் பர்மிஷன் இருக்கு தாதா," என்று காகிதத்தைக் காட்டினார். சத்தம் எவ்வளவு இருக்கலாம் என்ற வரியின் மேல் மட்டும் அவருடைய கட்டைவிரல் அழுத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவரே ரசீதுப் புத்தகத்தோடு கடைக்கு வந்தார்.

"தாதா, சந்தா!"

காதருகே கையைக் குவித்தேன். "சந்தனமா?" வில்லை டப்பாவை எடுத்து வைத்தேன்.

"சந்தா! சந்தா! ரசீது போட்டுத் தரேன்!"

"ரசப்பொடியா? கால் கிலோவா, அரைக் கிலோவா?"

உள்ளே மிளகாய் வற்றல் அள்ளிக்கொண்டிருந்த என் மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல் மூட்டைக்குப் பின்னால் குனிந்துவிட்டாள். நான் முகத்தைக் கல்போல வைத்துக்கொண்டு ரசப்பொடியை எடைபோட்டேன். அவர் மேஜையைத் தட்டினார், கத்தினார், வியர்த்தார். கடைசியில் பந்தலுக்கு ஓடி மைக் செட்காரரிடம் கையசைத்தார். பாட்டு நின்றது.

"இப்பக் கேக்குதா?" என்றார், மூச்சு வாங்கத் திரும்பி வந்து.

"இப்ப நல்லாக் கேக்குது. சந்தாதானே? தாராளமாத் தரேன். குழாயை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பக்கம் என் வீடு இருக்கு."

"அதனால என்ன? நல்ல பாட்டுதானே?"

முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குழாயைத் திருப்பவில்லை, சத்தத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அவர் கேட்டதற்கு மேல் கொஞ்சம் போட்டே கொடுத்தேன்.

ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அஷ்டமியன்று காலை, அதே குழாய் அளவான குரலில், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகப் பேசியது. பேசியவர் செயலாளர். "மளிகைக் கடை மெட்ராஸி தாதா இந்த வருஷம் மனசு நிறையக் கொடுத்திருக்கார். யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லவே மாட்டார்!" அரை மணிக்கு ஒரு முறை இதையே சொன்னார்.

மதியத்துக்குள் பக்கத்துத் தெருக் கமிட்டிகள் மூன்று வந்து நின்றன. காளி பூஜைக்கு இப்போதே வசூலைத் தொடங்கிய கிளப் ஒன்றும் வந்தது. "கொடுங்க, நீங்கதான் இல்லைன்னே சொல்ல மாட்டீங்களாமே," என்று என் மனைவி கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்தாள்.

சண்டை போடுவதற்கென்றே பந்தலுக்குப் போனேன். செயலாளர் என்னை உட்காரவைத்து, போக் பிரசாதமாகச் சூடான கிச்சடி பரிமாறினார். பக்கத்தில் கத்தரிக்காய் வறுவல் இரண்டு துண்டு கூடுதலாக.

"கோபமா, தாதா?" என்றார்.

கிச்சடியில் நெய் மணத்தது. வாய் நிறைய இருந்ததால் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.