கணினியின் முதுகில் ஒரு குளவிக்கூடு

இருபது நிமிடம் ஓடும். பிறகு விசிறி இரையத் தொடங்கும், மழைக்கு முன் தென்னந்தோப்பு இரைவதுபோல. அதன் பிறகு திரை கறுத்துப்போகும்.

முரசுமோட்டையில், தகரக் கூரைக்குக் கீழே, அந்தியேட்டி நினைவு மலர்களை நான் வடிவமைத்துக் கொடுக்கும் கணினி அது. இறந்தவரின் படம், தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். முப்பத்தோராம் நாளுக்கு முன் எல்லாம் அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். அந்த மாசியில் ஒரு முதியவரின் பேரப்பிள்ளைகளை வரிசையாக அடித்துக்கொண்டிருந்தேன். எட்டாவது பேரனோடு கணினி நின்றது. திரும்பப் போட்டேன். ஐந்தாவது பேரனோடு நின்றது.

வைரஸ் என்று நினைத்தேன். பிறகு கரண்டில் பழி போட்டேன். கடைசியில் வெப்பத்தைக் காட்டும் மென்பொருள் ஒன்றை இறக்கிப் பார்த்தால், புரொசசர் தொண்ணூற்றேழு பாகையில் கொதித்துக்கொண்டிருந்தது.

பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினேன். உள்ளே நெல்லுத்தூசி ஒரு கம்பளியாகப் படிந்திருந்தது. பெயின்ற் பிரஷால் தட்டி எடுத்தேன். புரொசசரின் மேல் உட்கார்ந்திருந்த கூலரைக் கழற்றினால், இடையில் பூசியிருந்த பேஸ்ட், வற்றிய இரணைமடுக் குளத்தின் கரைச்சேறுபோல வெடித்துக் கிடந்தது. துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்டைப் பயறளவு வைத்துப் பூட்டினேன். தொண்ணூற்றுநாலு. ஒரு நாள் முழுக்க மினக்கெட்டதற்கு மூன்று பாகை.

அப்போதுதான் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். தைக் கடைசியில் பெய்த மழையில் இரண்டு கிழமை கரண்ட் ஒழுங்காக வரவில்லை, கணினி சும்மா கிடந்தது. அந்த இடைவெளியில் ஒரு குளவி வந்து, சூடான காற்று வெளியே போகும் ஓட்டைகளின் மேல், என் உள்ளங்கை அளவுக்கு மண்ணால் கூடு கட்டி மூடிவிட்டுப் போயிருந்தது. திருப்புளியால் நெம்பப் போனேன்.

“இஞ்சேரும், கை வையாதையும்!”

வயலால் வந்த என் மனிசன் வாசலில் நின்றார்.

“மூச்சடைச்சுச் சாகுதெல்லோ இந்தப் பெட்டி?”

“சாகட்டும். குளவி வீட்டுக்குள்ள வந்து கட்டியிருக்கு.”

“அதுக்கு?”

“தெரியாத மாதிரிக் கேக்கிறீர்.”

தெரியும். குளவி வீட்டுக்குள் மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள், ஒருவரும் உடைக்கமாட்டார்கள். எனக்கு நாற்பத்துமூன்று வயது. இனிச் சோதனைகள் தேவையில்லை என்று போன வருசம்தான் வவுனியாவில் டொக்டர் மெதுவாகச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் அந்தச் சோதனைத் தாள்களை மடியில் வைத்திருந்தார், கிளிநொச்சி வரை ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. அந்தக் கதையை இறக்கி வைத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இறக்கவேயில்லை. திருப்புளியை மேசையில் வைத்தேன்.

பக்கத்தகட்டைத் திறந்துவிட்டு வேலை செய்து பார்த்தேன். கொஞ்சம் ஆறியது. மூன்றாம் நாள் பல்லி ஒன்று போர்டின் மேல் நடந்து திரிந்தது, பயந்து மூடினேன். பெட்டியைத் திருப்பி வைக்க இவர் விடவில்லை, குளவி வழி மாறிப்போகுமாம். மிஞ்சியது ஒன்றுதான்: நல்ல கூலர். கூட்டைத் தவிர மற்றதெல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பது.

பெட்டிக்குள் இருந்த உயரத்தை ஒரு ஈர்க்கால் அளந்து முறித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். கடைக்காரர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர்.

“என்னக்கா, ஈர்க்கோட வந்திருக்கிறியள், கடையைக் கூட்டவோ?”

“இதைவிட உயரமெண்டால் பெட்டி பூட்டேலாது, தம்பி.”

அவர் சிரித்துக்கொண்டு ஆகப் பெரிய கூலரின் பக்கத்தில் ஈர்க்கை நிறுத்தினார். ஈர்க்கு இரண்டு விரல் குட்டை. “இது உங்கட கூரையையும் முட்டும்.” தண்ணீர் ஓடும் கூலர் ஒன்றையும் காட்டினார். “குளிருக்கு இதை அடிக்க ஏலாது. ஆனா ஒழுகிச்சுதெண்டால் போர்டும் போச்சு, நீங்களும் விளக்குமாறோட வருவியள்.” கடைசியில் நாலு செப்புக் குழாய்களும் அடுக்கடுக்கான தகடுகளும் உள்ள ஒன்றை எடுத்தார். ஈர்க்கு ஒரு நகம் உயர்ந்து நின்றது.

“இது சூட்டை இழுத்து நேரா பின்பக்கத்தால தள்ளும். பின்பக்கம் காத்துப் போகுதுதானே?”

“ஓம்.”

“வடிவாப் போகுதோ? அடைச்சிருந்தால் எதைப் போட்டும் பிரயோசனமில்லை, அக்கா.”

“போகுது.”

டொக்டருக்கு முன்னால்கூட நான் பொய் சொன்னதில்லை. அந்தக் கடையில், கூலர் பெட்டிகளுக்கு நடுவில், முகத்தை நேரே வைத்துக்கொண்டு சொன்னேன். குளவிக்கூடு என்று சொல்லியிருந்தால் அவர் என்னை ஏறிட்டுப் பார்த்திருப்பார், என் வயதைக் கணக்குப் பார்த்திருப்பார்.

கூலரைப் பூட்டப் போர்டையே கழற்ற வேண்டியிருந்தது. இவர் டோர்ச் பிடித்தார். எண்பத்தொன்பது. அவ்வளவுதான் இறங்கியது. பத்து நிமிடம் அடித்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, முதியவரின் பேரப்பிள்ளைகள் பதினொரு பேரையும் ஒருவாறு சேர்த்து முடித்தேன்.

ஒவ்வொரு காலையும் வயலுக்குப் போகுமுன் இவர் டோர்ச்சோடு குனிவார்.

“குஞ்சு வெளிக்கிட இன்னும் ஓட்டை விழேல்லை.”

“எத்தினை நாளில விழுமாம்?”

“ஒரு மாதம் எண்டினம்.”

“ஆர்?”

“ஆரோ.”

ஒருநாள் இவர் போனபிறகு கூட்டில் கை வைத்தேன். பாண் சுடும் போறணைக் கதவைத் தொட்டதுபோல விரல் சுட்டது. வாங்கி வந்த கூலர் சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது: சூட்டையெல்லாம் திரட்டி, நேரே கூட்டின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. கணினியை நிறுத்தியிருக்கலாம். மேசையில் இரண்டு சாவுகள் காத்துக்கிடந்தன, இரண்டுக்கும் நாள் கிட்டிக்கொண்டிருந்தது. கையை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து அடித்தேன். அதை நான் இவருக்குச் சொல்லவில்லை.

பங்குனி நடுவில், நான் கேளாமலேயே, இவர் குசினிக் கத்தியோடு வந்து பெட்டிக்குப் பின்னால் குந்தினார். மண், பாண் பொருக்கைப்போல மொறுமொறுவென்று கழன்றது. உள்ளே சின்னச் சின்ன அறைகள். குளவி தன் குஞ்சுக்கென்று பிடித்து வைத்த பச்சைப் புழுக்கள் புகையிலைத் துணுக்குகளாகக் காய்ந்திருந்தன. ஒரு அறையில் மட்டும் வெள்ளையாக ஒன்று, அரிசியைப்போல விறைத்துப்போய்.

இவர் அதைக் கத்தி நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

“சூட்டுக்கு,” என்றார்.

“ஓம்.”

எப்போதிருந்து தெரியும் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். இவர் மண்ணையெல்லாம் இரண்டு கையிலும் ஒரு துகள் விடாமல் அள்ளிக்கொண்டுபோய் வேலியடியில் போட்டுவிட்டு வந்தார். கிணற்றடியில் கை கழுவினார். வாசலில் நின்றபடியே கேட்டார்:

“இப்ப எவ்வளவு காட்டுது?”

“அறுபத்திரண்டு.”

“நல்லம். இனி உமக்குக் கரைச்சலில்லை.”

குசினிக்குள் போனார். தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கும் சத்தம் கேட்டது, பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் கணினிக்கு முன்னால் இருந்தேன். அது நின்றுபோனால் எழுந்து உள்ளே போகலாம், ஏதாவது கதைக்கலாம் என்று இருந்தேன். பொழுதுபடும்வரை ஒருமுறைகூட அது நிற்கவில்லை.